சிங்கப்பூருக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சீசன் என்று ஒன்று கிடையாது. வருடம் முழுக்க ஒரே வெயில், ஒரே மழை, பார்க்கிற இடங்களும் வருடம் முழுக்கத் திறந்திருக்கும். வசதிதான், ஆனால் திட்டம் போடும்போது இதுவே வினையாகிறது. எப்போதும் எல்லாம் திறந்திருக்கிறதே, எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று ஐந்து நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு டிக்கெட் வாங்கிவிட்டு, மூன்றாம் நாள் பிள்ளைகள் அழ, பெரியவர்கள் கால் வலியோடு அறையிலேயே இருந்துவிட, டிக்கெட் காசு போகிற குடும்பங்கள் நிறைய. சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து சின்னப் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்களுக்கானது இது. நண்பர்களோடு போகிற இளவட்டங்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

எந்த மாதம் போகலாம்?

வானிலையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர், பகலில் 31, 32 டிகிரி, இரவில் 24, 25, அவ்வளவுதான் வித்தியாசம். சூரியன்கூட வருடம் முழுக்கக் காலை 7 மணிவாக்கில் உதித்து மாலை 7 மணிவாக்கில்தான் மறையும். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை கொஞ்சம் அதிகம், பிப்ரவரியில் குறைவு. செப்டம்பர், அக்டோபரில் சில வருடங்கள் இந்தோனேசியக் காட்டுத்தீயின் புகை வந்து மூடிக்கொள்ளும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் அதை மட்டும் யோசியுங்கள்.

முடிவு செய்ய வேண்டியது கூட்டத்தை வைத்து. அங்கே பள்ளி விடுமுறை மே கடைசியில் தொடங்கி நான்கு வாரம், அப்புறம் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய. நமக்குக் கோடை விடுமுறை ஏப்ரல் கடைசியிலேயே தொடங்கிவிடுகிறது. ஆக, ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து மே மூன்றாம் வாரத்துக்குள் போய்விட்டு வந்தால் நம் பிள்ளைகளுக்கு லீவு, அவர்கள் பிள்ளைகள் பள்ளியில். இதைவிட நல்ல சமயம் கிடையாது. அப்போதும் சனி ஞாயிறை விட்டுவிட்டு வார நாட்களில் பெரிய இடங்களை முடித்துக்கொள்ளுங்கள்.

காலாண்டு விடுமுறையில் போக நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் பாதி என்றால் ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயம் எந்த வார இறுதியில் என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். அந்த நாட்களில் ஹோட்டல் வாடகை தலைசுற்றும், மரினா பே பக்கம் பல சாலைகளை மூடிவிடுவார்கள். சீனப் புத்தாண்டு (ஜனவரி அல்லது பிப்ரவரி) அலங்காரத்துக்கு அழகு, ஆனால் சாப்பாட்டுக் கடைகள் நிறைய நாள் கணக்கில் மூடிக் கிடக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் போனால் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு அலங்காரம், அதைப் பார்க்கவே போகலாம் என்பது என் கட்சி.

எத்தனை நாள் வேண்டும்?

போகிற நாள், வருகிற நாள் நீங்கலாக ஐந்து முழு நாள். நான்கு நாளிலும் முடியும். ஏழு நாளுக்கு மேல் போனால் பிள்ளைகளுக்குச் சலிக்கத் தொடங்கும், ஹோட்டல் செலவும் ஏறும்.

ஒரு நாளைக்குக் காசு கொடுத்துப் பார்க்கிற பெரிய இடம் ஒன்றே ஒன்று. இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். காலையில் ஒரு இடம், மதியம் அறைக்கு வந்து தூக்கம், மாலை 5 மணிக்கு மேல் இலவசமாகச் சுற்றுகிற இடம் ஒன்று. அங்கே மாலை 7 மணி வரை வெளிச்சம் இருக்கிறது, நகரமும் இரவில்தான் அழகு, அதனால் மதியம் தூங்குவதால் எதுவும் குறைந்துவிடாது. இன்னொன்று, நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்திய ஊர் அது. அங்கே காலை 9 மணி என்றால் பிள்ளைகளின் உடம்புக்கு 6:30. முதல் நாள் காலை 8 மணிக்கே கிளம்ப வேண்டிய எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

விசா, பாஸ்போர்ட் எல்லாம் எப்படி?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும், அங்கே போய் இறங்கி வாங்குகிற வழி இல்லை. அனுமதி பெற்ற ஏஜென்டுகள் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் ஆளுக்கு 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை அங்கே தமிழில் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்), ஏஜென்டு கட்டணம் தனி. மறுத்தாலும் பணம் திரும்பாது. கைக்குழந்தைக்கும் தனி விசா. பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பெரியவர்களின் பாஸ்போர்ட்டை முதலில் எடுத்துப் பாருங்கள், அதுதான் எப்போதும் பீரோவில் காலாவதியாகிக் கிடக்கும்.

அதற்கு மேல் 'எஸ்ஜி அரைவல் கார்டு' என்ற ஆன்லைன் படிவம் ஒன்று உண்டு. இறங்குகிற நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். இது முழுக்க இலவசம். தேடினால் காசு கேட்கிற போலித் தளங்கள் மேலே வந்து நிற்கும், ஏமாறாதீர்கள், குடிநுழைவுத் துறையின் தளத்திலோ ஆப்பிலோ மட்டும் நிரப்புங்கள்.

எங்கே தங்குவது?

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். பேட்டை எது என்பது அதற்கு அப்புறம். எம்ஆர்டி (அங்கத்து மெட்ரோ ரயில்) நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் இருக்கிற சாதாரண ஹோட்டல், பதினைந்து நிமிடம் தள்ளியிருக்கிற நல்ல ஹோட்டலைவிட மேல், ஏனென்றால் அந்த வெயிலில் தூங்கிவிட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கப்போவது நீங்கள்.

நம் ஊர்ச் சாப்பாடு வேண்டும் என்கிற பெரியவர்கள் கூட இருந்தால் லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க். இட்லி, பொங்கல், கோயில், மருந்துக்கடை எல்லாம் நடக்கிற தூரம். ஞாயிறு மாலை மட்டும் அங்கே நம் தொழிலாளர் தம்பிகளின் கூட்டம் தெரு நிறைய இருக்கும், ஊர்த் திருவிழா மாதிரி. அவர்களுக்கு வாரத்தில் கிடைப்பது அந்த ஒரு நாள்தான், முகம் சுளிக்காதீர்கள். பூகிஸ், லாவெண்டர் பக்கம் நடுவாந்தர ஹோட்டல்கள் நிறைய. கேலாங் பக்கம் வாடகை குறைவாகத் தெரியும், சில தெருக்கள் சிவப்பு விளக்குப் பகுதி, பிள்ளைகளோடு வேண்டாம். செந்தோசா தீவுக்குள் தங்குவது காசு தாராளமாக இருக்கிறவர்களுக்கு.

அறை எடுக்கும்போது எத்தனை பேர், பிள்ளைகளின் வயது என்ன என்பதை உள்ளபடி போடுங்கள். "இரண்டு பேர் என்று போட்டு நான்கு பேர் போய்க்கலாம்" என்கிற நம் ஊர் வழக்கம் அங்கே செல்லாது. அறைகளும் சின்னவை, கீழே பாய் விரிக்க இடம் இருக்காது.

பேக்கேஜில் போகலாமா, நாமே திட்டம் போடலாமா?

நாமே. வழிகாட்டி இல்லாமல் சுற்ற இதைவிட எளிமையான வெளிநாட்டு நகரம் எனக்குத் தெரியாது. பேக்கேஜில் காலை 8 மணிக்கு பஸ் வந்து நிற்கும், நாற்பது பேருக்காகக் காத்திருக்க வேண்டும், மதியம் ஏதோ ஒரு வட இந்திய பஃபேயில் இறக்கிவிடுவார்கள், நடுவில் சாக்லேட் கடை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அட்டவணை மாறாது. முதல் வெளிநாட்டுப் பயணம், பேசுவதற்குத் தயக்கம், வயதானவர்கள் மட்டும் போகிறார்கள் என்றால் பேக்கேஜ் சரி. மற்றபடி விமான டிக்கெட், ஹோட்டல், இரண்டு மூன்று நுழைவுச் சீட்டு, இவ்வளவுதான் முன்கூட்டி வாங்க வேண்டியவை. சென்னையிலிருந்து மட்டுமல்ல, திருச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் நேரடி விமானம் இருக்கிறது, நான்கு மணி நேரத்தைச் சுற்றித்தான் பயணம்.

செலவு எதில் ஏறும்? எதில் மிச்சம் பிடிக்கலாம்?

ஹோட்டல், நுழைவுச் சீட்டு, இந்த இரண்டுதான் பணத்தைத் தின்னும். ரயில் கட்டணமும் உணவங்காடிச் (பல சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கிற இடம்) சாப்பாடும் ஒரு வெள்ளி 65 ரூபாய்க்கு மேல் விற்கிற இந்தக் காலத்திலும் தாங்கக்கூடியவைதான். ஏசி உணவகங்களில் மெனு விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும் 9 சதவீத ஜிஎஸ்டியும் மேலே வரும் என்று பொருள், பில் வந்த பிறகு அதிர்ச்சி வேண்டாம். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம், குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், ஆளுக்கொரு பாட்டில் வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள்.

மிச்சம் பிடிக்கிற பெரிய வழி, இலவச இடங்களை நம்புவது. காசு கொடுக்காததால் அவை இரண்டாம் தரம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே நிலைமை தலைகீழ், ஊரின் அழகான பகுதிகள் பலவும் இலவசம்.

அப்படி இலவசமாக என்னதான் இருக்கிறது?

முதலில் கார்டன்ஸ் பை த பே. 2012ல் திறந்தது. 25 மீட்டரிலிருந்து 50 மீட்டர் வரை உயரமான அந்த 'சூப்பர்ட்ரீ' செயற்கை மரங்களின் அடியில் நடக்கக் காசு இல்லை. தினமும் இரவு 7:45க்கும் 8:45க்கும் பாட்டோடு விளக்குக் காட்சி. எல்லோரும் நின்றுகொண்டு அண்ணாந்து பார்ப்பார்கள், நீங்கள் அரை மணி நேரம் முன்னால் போய் ஒரு விரிப்பைப் போட்டுத் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு அதுதான் சரியான கோணம். 7:45 காட்சியை முடித்துவிட்டு மெதுவாக நடந்து மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல் முன்னால் இருக்கும் நீர்முகப்புக்குப் போனால் 9 மணிக்கு அங்கே தண்ணீரும் ஒளியும் சேர்ந்த இன்னொரு காட்சி, அதுவும் இலவசம். ஒரே இரவில் இரண்டும் முடிந்துவிடும். காசு கட்ட வேண்டியது இரண்டு கண்ணாடிக் கூடங்களுக்கு. அதில் ஒன்று மட்டும் போதுமென்றால் 35 மீட்டர் அருவியுள்ள 'கிளவுட் ஃபாரஸ்ட்'டை எடுங்கள். பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாள் மூடுவார்கள், தேதியைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

அதே தோட்டத்துக்குள் குழந்தைகளுக்கான தண்ணீர் விளையாட்டுத் திடல் ஒன்று இருக்கிறது, திங்களன்று விடுமுறை, மற்ற நாள் இலவசம். மாற்றுத் துணி எடுத்துப் போகாவிட்டால் நனைந்த பிள்ளையோடு ஏசி ரயிலில் வர வேண்டியிருக்கும்.

அடுத்து தாவரவியல் தோட்டம், அங்குள்ள தமிழர்கள் பூமலை என்பார்கள். 1859ல் உருவானது, 2015ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. காலை 5 மணியிலிருந்து நள்ளிரவு வரை திறந்திருக்கும், உள்ளே ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். காலை 7:30க்குப் போய்விட்டால் வெயிலுக்கு முன் இரண்டு மணி நேரம் நிம்மதியாக நடக்கலாம். பெரியவர்களுக்கு மொத்தப் பயணத்திலும் பிடித்த இடம் கடைசியில் இதுவாகத்தான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

மரினா பராஜ் அணையின் கூரை முழுக்கப் புல்வெளி, மாலையில் பட்டம் விடலாம். செந்தோசா கடற்கரைகளுக்கும் காசு இல்லை. விவோசிட்டி மாலிலிருந்து பாலத்தில் நடந்தே தீவுக்குள் போய்விடலாம், உள்ளே ஓடுகிற பஸ்ஸும் கடற்கரை டிராமும் இலவசம். மோனோரயிலில் தீவுக்குள் போகத்தான் கட்டணம், திரும்பி வரக் கிடையாது.

எட்டரை மீட்டர் மெர்லயன் சிலை? போட்டோ எடுக்கப் பத்து நிமிடம் போதும்.

மண்டாயில் ஐந்து பூங்கா இருக்கிறதாமே, எதற்குப் போவது?

மிருகக்காட்சி சாலை (1973லிருந்து), நைட் சஃபாரி (1994), ரிவர் வொண்டர்ஸ், 2023ல் ஜூரோங்கிலிருந்து இடம் மாறி வந்த பறவைகள் பூங்கா, 2025ல் திறந்த ரெயின்ஃபாரஸ்ட் வைல்ட். எல்லாம் ஒரே வளாகம். இரண்டு மூன்றைச் சேர்த்து வாங்கினால் மலிவு என்று ஆசை காட்டுவார்கள். ஒரே நாளில் இரண்டு போனால் இரண்டையும் ஒழுங்காகப் பார்க்க மாட்டீர்கள்.

எட்டு வயதுக்குக் கீழ் என்றால் மிருகக்காட்சி சாலை மட்டும். கூண்டு இல்லாமல் தலைக்கு மேல் கயிற்றில் போகிற ஒராங்குட்டானைப் பார்த்த பிள்ளை வீடு திரும்பியும் அதைத்தான் பேசும். காலையில் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள், மதியம் மிருகங்களும் தூங்கும். நைட் சஃபாரி இரவு ஏழேகாலுக்குத்தான் தொடங்குகிறது. டிராமில் உட்கார்ந்தபடி இருட்டில் விலங்கு பார்ப்பது நல்ல அனுபவம்தான், ஆனால் நான்கு வயதுப் பிள்ளை டிராம் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடும், பத்து வயதுக்கு மேல் இருந்தால் கட்டாயம் போங்கள். பெரியவர்களோடு போனால் பறவைகள் பூங்காவும் ரிவர் வொண்டர்ஸும் நடைக்கு எளிது, ரிவர் வொண்டர்ஸில் பாண்டா கரடி உண்டு.

காதிப் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நேராக மண்டாய்க்கு பஸ் விடுகிறார்கள், ஊருக்குள்ளிருந்து டாக்சி பிடிக்க வேண்டியதில்லை. மூன்று வயதுக்குக் கீழ் டிக்கெட் கிடையாது.

யூனிவர்சல் ஸ்டுடியோஸ் சின்னப் பிள்ளைகளுக்குச் சரிவருமா?

வயதைவிட உயரத்தைப் பாருங்கள், கிளம்புவதற்கு முன் வீட்டுச் சுவரில் நிற்கவைத்து அளந்துவிடுங்கள். ரைடுகளில் ஏறக் குறைந்தபட்ச உயரம் உண்டு: டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102 செ.மீ., மம்மிக்கு 122, கேலக்டிகா ரோலர்கோஸ்டருக்கு 125. 100 செ.மீ.க்குக் கீழ் இருக்கிற பிள்ளை அங்கே பெரும்பாலும் வரிசைக்கு வெளியே நின்று அழும். 2025ல் திறந்த மினியன் லேண்ட் சின்னவர்களுக்குப் பிடிக்கும், ஆனால் அதற்காக மட்டும் இவ்வளவு காசா என்பது உங்கள் முடிவு. என்னைக் கேட்டால் ஆறு வயதுக்குக் கீழ் பிள்ளைகள் மட்டும் இருக்கிற குடும்பம் இதை விட்டுவிட்டு அதே செந்தோசாவில் கடற்கரையும் ஓஷனேரியமும் (கடல்வாழ் உயிரினக் காட்சியகம்) போதும் என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு வயதுக்குக் கீழ் டிக்கெட் இல்லை என்பதால் ஆசை வரும், அந்த ஆசையில்தான் பலர் ஒரு முழு நாளை இழக்கிறார்கள்.

பெரிய பிள்ளைகள் இருந்தால் செவ்வாய் அல்லது புதன், திறக்கிற நேரத்துக்கு வாசலில் நின்று, முதல் ஒரு மணி நேரத்தில் நீண்ட வரிசை வருகிற ரைடுகளை முடித்துவிடுங்கள். இதைச் செய்தால் வரிசையைத் தாண்டிப் போகிற எக்ஸ்பிரஸ் பாஸ் சாதாரண வார நாளில் தேவைப்படாது.

தாத்தா பாட்டியைக் கூட்டிப் போகலாமா? நடக்க முடியுமா?

கூட்டிப் போங்கள், ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நடை அதிகம். ரயில் நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது, சாலைகள் சமதளம், சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ எங்கும் போகும், ஆனால் ரயில் மாறுகிற இடங்களில் நிலையத்துக்குள்ளேயே கால் கிலோமீட்டர் நடக்க வைப்பார்கள். தினமும் மதிய ஓய்வு என்று மேலே சொன்னது பிள்ளைகளைவிட இவர்களுக்குத்தான் முக்கியம். ஒரு நாள் முழுக்க அவர்களுக்கென்று விடுங்கள். காலையில் வீரமாகாளியம்மன், ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயில்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் அதற்கு முன், பிறகு கேம்பல் லேனில் 2015ல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் (திங்களன்று விடுமுறை), மாலையில் சைனாடவுனில் இருக்கிற மாரியம்மன் கோயில். சீனர் பேட்டை நடுவில் 1827லிருந்து இருக்கிற அந்தக் கோயிலின் கோபுரத்தைப் பார்த்தால் நம் ஆட்கள் எப்போது, எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

மழை வந்துவிட்டால்?

வரும். பெரும்பாலும் மதியத்தில், இடியோடு, ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு நின்றுவிடும். இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் வெளியே இருக்கிற ரைடுகளையும் நீச்சல் குளங்களையும் நிறுத்திவிடுவார்கள், சண்டை போட்டுப் பயனில்லை. காலையில் வெளியிடம், மதியம் அறை என்று வைத்திருந்தால் மழை நீங்கள் தூங்குகிற நேரத்தில் பெய்துவிட்டுப் போகும். விடாமல் பெய்கிற நாளுக்கென்று ஜூரோங்கில் அறிவியல் நிலையம் அல்லது ஆர்ட்சயின்ஸ் மியூசியம் ஒன்றை டிக்கெட் வாங்காமல் கையில் வைத்திருங்கள். குடை ஆளுக்கொன்று, வெயிலுக்கும் அதுவே.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், தாராளமாக. சிராங்கூன் சாலையில் 1947லிருந்து கோமளவிலாஸ் இருக்கிறது, 1924ல் தொடங்கிய ஆனந்த பவனும் இருக்கிறது. மற்ற பேட்டைகளிலும் உணவங்காடி நிலையங்களில் இந்தியக் கடை ஒன்றாவது இருக்கும். இந்த உணவங்காடிகளை ஒரு தடவையாவது தவறவிடாதீர்கள், 2020ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்தவை. லிட்டில் இந்தியாவில் தேக்கா, சைனாடவுனில் மேக்ஸ்வெல். மேசை மேல் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், உட்காராதீர்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் அபராதம் வரை போகும்.

சுத்த சைவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். புரோட்டா மாதிரி இருக்கிற பிராத்தாவுக்குத் தருகிற குழம்பு மீனோ ஆட்டுக்கறியோ ஆக இருக்கலாம், பருப்பு வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். லக்சா (தேங்காய்ப்பால் குழம்பு நூடுல்ஸ்), சம்பல் (மிளகாய்த் துவையல்) இவற்றில் காய்ந்த இறால் சேரும். காயா ரொட்டியின் ஜாமில் முட்டை உண்டு. சீன சைவக் கடைகளில் சாப்பிடலாம், பல கடைகளில் பூண்டு வெங்காயம்கூடப் போட மாட்டார்கள், ஆனால் சோயாவில் செய்த 'கோழி', 'மீன்' அச்சு அசலாக இருக்கும், பாட்டியிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலை போட்டு மீன்தலைக் கறி ஒரு மதியம். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ரயிலா, டாக்சியா?

பகலில் ரயில், இரவு பிள்ளைகள் தூங்கிவிட்டால் டாக்சி. ரயிலில் ஏற உங்கள் வங்கிக் கார்டையே தட்டலாம், ஆனால் ஆளுக்கொரு கார்டு வேண்டும், ஒரே கார்டைக் குடும்பத்துக்கே தட்ட முடியாது. பெரியவர்களுக்கு நிலையத்தில் ஈசி-லிங்க் என்ற பயணக் கார்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள். 90 செ.மீ.க்குக் கீழ் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. உள்ளே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அபராதம் 500 வெள்ளி வரை. ரயில் நள்ளிரவு வாக்கில் நின்றுவிடும், டாக்சிக்கு 12 மணியிலிருந்து காலை 6 வரை பாதிக் கட்டணம் கூடுதல்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம். கிராப் ஆப்பில் வருகிற சாதாரண வாடகைக் கார்களுக்கும் இந்த விதி பொருந்தும் என்பதால் டிரைவர் ஏற்ற மறுக்கலாம். கூரையில் பலகை வைத்த டாக்சிகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஆப்பிலும் டாக்சி என்றே பார்த்துப் போடுங்கள். ஒரு டாக்சியில் நான்கு பேர்தான், "மடியில் உட்கார்ந்துக்கும்" என்கிற பேச்சு எடுபடாது.

எதையெல்லாம் கொண்டுபோகக் கூடாது?

சூயிங்கம் (1992லிருந்து தடை), மின்சிகரெட், மெல்லுகிற புகையிலை. வெற்றிலை போடுகிற தாத்தா இருந்தால் அவர் பையில் புகையிலைப் பொட்டலம் இல்லை என்பதை நீங்களே பார்த்து எடுத்துவிடுங்கள். சிகரெட் ஒரு பாக்கெட்டானாலும் வரி கட்ட வேண்டும், சலுகை கிடையாது. இறைச்சி, முட்டை சேர்ந்த எதுவும் வேண்டாம், கறி ஊறுகாய் உட்பட. முறுக்கு, பொடி, புளிக்காய்ச்சல் போகலாம். தூக்க மாத்திரை, வலி மாத்திரை சிலவற்றுக்கு முன் அனுமதி வேண்டும் என்பதால் பெரியவர்களின் மருந்துகளை டாக்டர் சீட்டோடு, பிரிக்காத அட்டையோடு எடுத்துப் போங்கள். தெரியாதவர் தருகிற பொட்டலத்தை "அங்கே ஒருத்தர் வந்து வாங்கிக்கொள்வார்" என்றால் தொடவே தொடாதீர்கள், போதைப்பொருளுக்கு அங்கே தூக்குத்தண்டனை வரை உண்டு.

மூன்று கட்டைக்கால் பிளக்குக்கான அடாப்டர் ஒன்று எடுத்துப் போங்கள். நம் பிளக் அங்கே நேராகச் சேராது.

ஆங்கிலம் சரளமாக வராதே?

தமிழ் அங்கே நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று. விமான நிலையப் பலகையிலேயே தமிழ் இருக்கும். லிட்டில் இந்தியாவில் தமிழே போதும், மற்ற இடங்களில் உடைந்த ஆங்கிலம் போதும், அவர்களும் இலக்கணம் பார்த்துப் பேசுவதில்லை.

அப்படியே மலேசியாவும் போய்விடலாமா? ஜொகூரில் லெகோலேண்ட் இருக்கிறதே?

ஐந்து நாள் பயணத்தில் வேண்டாம். எல்லையில் வரிசை சில நாள் மணிக்கணக்கில் நிற்கும், திரும்பி நுழைய உங்கள் சிங்கப்பூர் விசா பல முறை நுழைவுக்கானதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு நாள் மிச்சம் இருக்கிறது என்றால் சாங்கி படகுத்துறையிலிருந்து புலாவ் உபின் தீவுக்குப் போங்கள். நேர அட்டவணை கிடையாது, 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும், அங்கே சைக்கிள் வாடகைக்கு எடுத்து மண் பாதையில் ஓட்டலாம். கட்டடங்களாகவே பார்த்த பிள்ளைகளுக்கு அது வேறு ஊர்.

ஷாப்பிங்கில் வரியைத் திரும்ப வாங்கலாமாமே?

ஒரே கடையில் ஒரே நாளில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கினால், அந்தக் கடை திட்டத்தில் இருந்தால், கிளம்பும்போது ஜிஎஸ்டியைத் திரும்பக் கேட்கலாம். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். பொருளைப் பெட்டியில் போட்டு அனுப்பப்போகிறீர்கள் என்றால் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே விமான நிலையத்து இயந்திரத்தில் பதிய வேண்டும், பலர் இதைப் பெட்டி போன பிறகுதான் கேட்கிறார்கள். மற்றபடி, எலக்ட்ரானிக்ஸ் சிங்கப்பூரில் மலிவு என்பது பழைய கதை, நம் ஊர் விலையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கடைசி நாள் இரவு விமானம். பகல் முழுக்க என்ன செய்வது?

அறையைக் காலி செய்த பின் பெட்டிகளை ஹோட்டலிலேயே வைக்கச் சொல்லிவிட்டு பக்கத்தில் சுற்றுங்கள், மதியம் வாக்கில் எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கே போய்விடுங்கள். 2019ல் திறந்த ஜுவல் அங்கேதான், 40 மீட்டர் உயரத்திலிருந்து கட்டடத்துக்குள்ளேயே விழுகிற அருவி, பார்க்கக் காசு இல்லை, இருட்டிய பின் ஒளிக்காட்சியும் உண்டு. அது குடிநுழைவுச் சோதனைக்கு வெளியே இருக்கிறது, ஆகவே முதலில் ஜுவல், பிறகு சோதனை. முனையம் 1, 2, 3 என்றால் நடந்தே போய்விடலாம். உங்கள் விமானம் முனையம் 4லிருந்து என்றால் பஸ் ஏறிப் போக வேண்டும், அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.